சென்னையில் தனியாக ஒரு நாள்: காலை மயிலாப்பூர், மாலை மெரினா

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். விடுதி, அலுவலகம், பக்கத்தில் ஒரு மால், அதைத் தாண்டி ஊர் கண்ணில் பட்டிருக்காது. துணைக்கு ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விடுமுறை நாள் முழுக்க அறையிலேயே படுத்துக் கிடப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊர் தனியாகச் சுற்றத் தோதான ஊர். மெஸ்ஸில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயில் பிரகாரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கடற்கரையில் அப்படி உட்காரவே பாதிப் பேர் வருகிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பொழுதை வகுப்பது வெயில். அதோடு மல்லுக்கட்டினால் 11 மணிக்கே சோர்ந்து ஆட்டோ பிடித்து அறைக்குத் திரும்பிவிடுவோம். காலையில் தெரு, மதியம் கூரை, மாலையில் கடல் என்று வைத்துக்கொண்டால் நாள் தானாக ஓடும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு கணக்கின்படிதான்.

எந்த நாள், என்ன எடுத்துக்கொள்வது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். நவம்பர், டிசம்பரில் மட்டும் மழை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல், மே என்றால் மதியக் கூரை நேரத்தை இரண்டு மணி நேரம் நீட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். மெரினா கிழக்கே பார்த்த கடற்கரை. அங்கே சூரியன் கடலில் மறையாது, நம் முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆனால் பௌர்ணமியன்று கிட்டத்தட்ட அதே நேரத்துக்குக் கடலிலிருந்து நிலா எழும்பும். ஊருக்குப் புதியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

காலில் ஷூ வேண்டாம். இரண்டு கோயில்களில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், கடைசியில் மணலும் இருக்கிறது. நல்ல பிடிமானமுள்ள செருப்பு போதும். சின்னப் பை, ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு கைக்குட்டை. ஜிபே எல்லா இடத்திலும் செல்லும் என்றாலும், பூக்காரம்மாவிடமும் சுண்டல்காரரிடமும் கொடுக்கப் பத்து ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். சாப்பாடு, ரயில், ஒன்றிரண்டு ஆட்டோ எல்லாம் சேர்த்து 500, 600 ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

எங்கே போகிறோம் என்று ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு, போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வையுங்கள். வழி தெரியாதபோது மட்டும் வெளியே எடுத்தால் போதும். இதைச் சும்மா ஒரு யோசனையாகச் சொல்லவில்லை. போன் கையில் இருக்கும்வரை நீங்கள் தனியாக இருக்கவே மாட்டீர்கள்.

காலை ஆறரை: மாட வீதிகள்

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள். கடற்கரை நிலையத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஓடும் இந்த ரயில்தான் இன்று முழுக்க நம் வாகனம். டிக்கெட் ஐந்து, பத்து ரூபாய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு, அதனால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் போட்டிருப்பார்கள், பேருந்துகளும் சுற்றிப் போகும். நிலையத்திலிருந்து நடப்பதே நல்லது.

நேராகக் கோயிலுக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் நான்கு மாட வீதிகளையும் ஒரு சுற்று சுற்றுங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர்கள் அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருப்பார்கள். வாழைப்பூ, சின்ன வெங்காயம், கட்டுக் கட்டாகக் கீரை. தண்ணீர் தெளித்த ஈரம் காய்ந்திருக்காது. வீட்டு வாசல்களில் கோலத்தின் மாவு இன்னும் கலையாமல் இருக்கும். சன்னிதித் தெருவில் பூக்கட்டுகிறவர்களின் விரலைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பேச்சு பக்கத்துக் கடைக்காரரோடு, கண் தெருவில், விரல் மட்டும் தன்பாட்டுக்கு இரண்டு பூ வைத்து நாரை ஒரு சுற்று சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். படம் எடுக்க ஆசை வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் பூவை மட்டும் எடுக்கச் சொல்வார்கள்.

அப்புறம் கபாலீசுவரர் கோயில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். அதனாலும் காலைதான் சரி. பழைய கோயில் கடற்கரையோரம் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதுள்ள இடத்தில் கட்டினார்கள் என்பது வரலாறு. உள்ளே தல மரமான புன்னையைத் தேடிப் பாருங்கள். அம்மை மயிலாக வந்து பூசை செய்த கதையை அங்கே சிற்பமாக வைத்திருக்கிறார்கள். சாமி கும்பிடும் வழக்கம் இல்லாதவர்களும் பிரகாரத்தில் ஒரு தூணடியில் உட்காரலாம். இருபது நிமிடம் போதும். தனியாகக் கிளம்பிய நாளில் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாத ஒரு தவிப்பு இருக்கும், அடுத்து எங்கே என்று மனம் பரபரக்கும். அந்தப் பரபரப்பு அடங்குவது இப்படி ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகுதான். ஆகவே இந்த இருபது நிமிடத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிபன்

பசி எடுத்திருக்கும். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. சின்ன இடம், இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி. காத்திருக்க வேண்டியிருந்தால் ஒற்றை ஆளுக்கு அதிலும் ஒரு வசதி: நான்கு பேர் குடும்பம் வெளியே நிற்கும்போது ஒரு இடம் காலியானால் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸும் நல்லதுதான். முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்கார்ந்தால் சங்கடப்பட வேண்டாம், மயிலாப்பூரில் அதுதான் வழக்கம். பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காபியை டபராவில் ஊற்றி ஆற அமரக் குடியுங்கள். பேப்பர் கப்பில் வாங்கிக்கொண்டு நடக்கிற நாள் இதுவல்ல.

எட்டரை முதல் பத்தரை: கச்சேரி சாலை வழியே கடல் வரை

இங்கே இரண்டு வழி உண்டு. நடக்கத் தெம்பு இருந்தால் மேற்கே லஸ் சர்ச் சாலைக்குப் போய் முதலில் நாகேஸ்வரராவ் பூங்காவில் கொஞ்சம் உட்காருங்கள். அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் உள்ள பூங்கா இது. நல்ல மர நிழல். காலை நடைக்கு வரும் பெரியவர்கள் நாட்டு நடப்பை அலசிக்கொண்டிருப்பார்கள், காது கொடுத்தாலே பொழுது போகும். பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் லஸ் தேவாலயம். பிரகாச மாதா ஆலயம் என்பது அதன் பெயர், பழைய ஆட்கள் காட்டுக் கோயில் என்பார்கள். 1516 என்ற ஆண்டோடு போர்த்துக்கீசியர் வைத்த கல்வெட்டு அங்கே உண்டு. ஆங்கிலேயர் சென்னைக்கு வந்து கோட்டை கட்ட இன்னும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இருந்த காலம் அது.

தெம்பு குறைவு என்றால் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். நேராகக் கச்சேரி சாலையைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். வழியில் டப்பா செட்டி கடை வரும். 1885 முதல் இருக்கும் நாட்டு மருந்துக் கடை. பிரசவ லேகியம், சுக்கு, திப்பிலி, சீயக்காய் எல்லாம் கிடைக்கும். கடை திறந்திருந்தால் அந்த வாசனைக்காகவே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். ஒன்றரை கிலோமீட்டருக்குள் சாந்தோம் வந்துவிடும்.

சாந்தோம் பேராலயத்தில் வெள்ளைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். இயேசுவின் சீடர் புனித தோமாவின் கல்லறை மீது எழுந்த ஆலயம் என்பது நம்பிக்கை. முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள், இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1890-களில் எழுப்பியது. பின்புறமாகப் போனால் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி இருக்கிறது. அங்கே இருக்கும் அமைதியை இந்த ஊரின் பெரிய சாலை ஒன்றிலிருந்து சில அடி தூரத்தில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள், நடுவில் எழுந்து நடக்க வேண்டாம். ஆலயத்துக்குப் பின்னால் கடல். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், அதனால் இப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. கடலுக்கு மாலையில் வருவோம்.

பதினொன்று முதல் மூன்றரை: கூரைக்குக் கீழே

சாந்தோமிலிருந்து திருமயிலை நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து, அங்கிருந்து வேளச்சேரி பக்கம் போகும் ரயிலில் கோட்டூர்புரம். ஆட்டோவுக்கு ஆப்பில் போட்டுவிட்டால் பேரம் பேசும் தொல்லை இல்லை. கோட்டூர்புரத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை. தமிழ் நூல்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது. பையை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், பர்ஸையும் போனையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகம் படிக்கத் தனிப் பகுதி உண்டு, மற்ற தளங்களுக்கு அதைக் கொண்டுபோக விட மாட்டார்கள். அரசு விடுமுறை நாளில் மூடியிருக்கும்.

இங்கே எதையும் முழுசாகப் படித்து முடிக்க முயல வேண்டாம். உங்கள் படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு அலமாரி முன்னால் போய் நில்லுங்கள். நீங்கள் பிறந்த ஊரைப் பற்றியோ, ஏதாவது ஒரு பறவையைப் பற்றியோ, கோயில் கட்டடக்கலையைப் பற்றியோ ஒரு புத்தகம். சன்னலோர நாற்காலி கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் கண் அசந்தாலும் பரவாயில்லை, சுற்றி உட்கார்ந்திருக்கும் போட்டித் தேர்வு மாணவர்களில் பலருக்கும் அந்த நேரத்தில் அதே நிலைதான். மதியச் சாப்பாட்டை வளாகத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கழிப்பறை, குடிதண்ணீர் வசதிகளும் இருப்பதால் பெண்களுக்கு இது உண்மையிலேயே நல்ல இடம். இந்த ஊரில் தனியாகச் சுற்றும் பெண்களுக்குப் பெரிய இடைஞ்சல் கழிப்பறைதான். நூலகம், அருங்காட்சியகம், மெட்ரோ நிலையம், பெரிய ஓட்டல், இந்த நான்கையும் கணக்கில் வைத்து நாளை அமைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

புத்தகத்தில் நாட்டமில்லாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே எல்லாக் கட்டடங்களையும் ஏறி இறங்கினால் கால்தான் வலிக்கும். வெண்கலச் சிலைகள் உள்ள பகுதியை மட்டும் பாருங்கள் என்பேன். அதிலும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நிதானமாக நில்லுங்கள். சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. சிவன் பக்கத்து ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, உமை பக்கத்து ஆடை காலின் கீழ்வரை இறங்குகிறது. சிவன் தோள் அகன்று நேராக இருக்க, உமை இடுப்பு ஒசிந்து வெளியே வளைகிறது. இரண்டு உடலும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று தலையிலிருந்து கால்வரை கண்ணால் கோடு போட்டுப் பாருங்கள், பிடிபடாது. பதினோராம் நூற்றாண்டுச் சோழக் கைகள் செய்த வேலை. கூட ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்தில் "சரி, போகலாமா" என்ற குரல் வந்துவிடும். தனியாக வந்ததன் பலன் இங்கேதான் கைக்கு வரும்.

நான்கு மணி: திருவல்லிக்கேணி

கோட்டூர்புரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் ரயிலில் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகவே இந்தப் பாதை போகும். எழும்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஆட்டோதான் சுலபம்.

முதலில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் நினைவு இல்லம். அரசு பராமரிப்பில் இருப்பதால் சாயங்காலமே மூடிவிடுவார்கள், ஆகவே கோயிலுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பாரதி தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு. 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனபோது அது தள்ளிவிட்ட சம்பவமும், அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்ததும் இந்தச் சில நூறு அடித் தூரத்துக்குள் நடந்தவை. வீட்டிலிருந்து கோயிலுக்கு அந்தத் தெருக்களில் நடந்து பார்க்கும்போது பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தது வேறு மாதிரி மனசில் உறைக்கும்.

பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்துக் கோயில். மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்குப் பெரிய மீசை உண்டு, கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. குருக்ஷேத்திரத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொன்னவரல்லவா. உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் இருப்பதாகச் சொல்வார்கள். கிழக்கே அவர் சன்னிதி, மேற்கே தெள்ளிய சிங்கர் சன்னிதி, இரண்டுக்கும் தனித்தனிக் கொடிமரம். புளியோதரை கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபே. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள், தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள். ஒரு பிளேட் இட்லியும் காபியும் கடற்கரை வரை தாங்கும். அப்புறம் பாரதி சாலையைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். வழியில் பழைய புத்தகக் கடைகள் நடைபாதையை ஒட்டி வரும். அடுக்கின் மேலே இருப்பவை தேர்வுக் கையேடுகளாகத்தான் இருக்கும், அடியில்தான் தேட வேண்டும். விலையைக் கேட்டுக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், தப்பில்லை. அதே சாலை மாநிலக் கல்லூரிப் பக்கமாகக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஐந்தரைக்கு மேல்: மெரினா

காமராஜர் சாலையைச் சிக்னலில் மட்டும் கடங்கள், வண்டிகள் வேகமாக வரும். 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப்தான் இந்தக் கடற்கரைக்கு நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தவர். வடக்கே கொஞ்ச தூரத்தில் உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகையும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், நேரே நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். தெற்கே நடந்தால் வட்டமான முகப்போடு ஐஸ் ஹவுஸ் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதும், அல்லது எதையும் பார்க்காமல் மணலுக்கே போய்விடுங்கள்.

கடைகளைத் தாண்டித் தண்ணீருக்கு அருகில் போனால் கூட்டம் குறையும். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பகுதியாகப் பார்த்து உட்காருங்கள். தேங்காய் மாங்காய் சேர்த்த பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டால் அரை மணி நேரம் ஓடும். கால் நனைக்கலாம், குளிக்க இறங்கவே கூடாது. கரையிலேயே ஆழமும் இழுப்பும் அதிகம், நீச்சல் தெரிந்தவர்களையும் இந்தக் கடல் கொண்டுபோயிருக்கிறது. போன், பை, செருப்பு மூன்றும் மடியிலோ கையிலோ இருக்கட்டும். கைரேகை, கிளி சோசியம் என்று யாராவது விடாமல் அழைத்தால் "வேண்டாம்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள், போய்விடுவார்கள்.

திரும்பும் வழி

இருட்டிய பிறகு சாலையோர நடைபாதைக்கு வந்துவிடுங்கள், விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அங்கேதான். எட்டு மணிக்குள் கிளம்பினால் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம். அதற்குமேல் அந்த நிலையங்களின் மேல்தளங்களில் ஆள் குறைந்துவிடும், தனியாகப் போகும் பெண்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வாலாஜா சாலை வழியாக ஆட்டோவில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடுவது மேல். காமராஜர் சாலையில் பேருந்துகளும் உண்டு, பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இலவசம். அவசரம் என்றால் 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டையும் காலையிலேயே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமுறை இதே கணக்கில் வேறு பாதையும் போட்டுக்கொள்ளலாம். காலையில் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில், மதியம் எதை விட்டீர்களோ அது, மாலையில் பெசன்ட் நகர். மார்கழியாக இருந்தால் மதியக் கூரைக்குச் சபாக்கள் இருக்கின்றன. பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது, சபா கேன்டீனில் சாப்பாடும் நன்றாக இருக்கும்.